கித்தாக்கொட்டைக் காத்தாடி

ரப்பர்த் தோட்டத்தில் பொம்மைக் கடை கிடையாது. மளிகைக் கடை ஒன்று இருக்கும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பற்று எழுதும் கணக்குப் புத்தகம், கண்ணாடிப் புட்டியில் மிட்டாய், ஆணியில் மாட்டிய திக்காம் அட்டை. விளையாட்டுச் சாமான் என்று சொல்லத்தக்கது அந்த அட்டையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மோதிரமும் விசிலும்தான். அதுவும் காசு கொடுத்துச் சீட்டைக் கிழித்து, அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். மலேசியாவில், நெகிரி செம்பிலானின் லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், கேர்பி, கெட்டீஸ், ரீஜண்ட் போன்ற தோட்டங்களில் 1960களிலும் 70களிலும் வளர்ந்தவர்கள் தங்கள் விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடைப் பெயரோ கம்பெனிப் பெயரோ அதிகம் வராது. கித்தாக்கொட்டை என்கிற ரப்பர் விதை வரும். ஒட்டுப்பால் பந்து வரும். லாஸ்டிக், பால் டின், பாக்கு மட்டை, சைக்கிள் டயர் வரும். தோட்டம்தான் பொம்மைக் கடை. அதன் சரக்கில் பாதி பால்மரத்திலிருந்து இறங்கியது.

கொட்டையில் தொடங்குவதுதான் முறை. பால்மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். பிறகு தளிரும் பூவுமாகத் திரும்பி, ஐந்தாறு மாதம் போனால் காய் முற்றும். ஒரு காய்க்குள் பெரும்பாலும் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. நல்ல வெயிலில் ஓடு காய்ந்து முறுக்கிக்கொண்டு படாரென்று வெடிக்கும். கொட்டைகள் தெறித்து எங்கெங்கோ போய் விழும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துத் தகரக் கூரைமேல் விழுந்தால் மத்தியானத் தூக்கம் போச்சு. பழுப்பில் கறுப்பும் சாம்பலுமாகக் கோலம் போட்ட, வழவழப்பான கொட்டை. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கால்சட்டைப் பை நிறையப் பொறுக்கி வந்து, கனமானது, இலேசானது, ஓடு தடித்தது என்று தரம் பிரிக்கிற வேலையே அரை நாளைத் தின்னும்.

தடித்த கொட்டை சண்டைக்கு. ஒருவன் கொட்டையைக் கீழே வைக்க, அதன் முதுகில் மற்றவன் தன் கொட்டையை வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அடிப்பான். எது விரிகிறதோ அதன் சொந்தக்காரன் தோற்றான். பத்து சண்டையில் உடையாத கொட்டைக்கு ஊரில் தனி மரியாதை, அதை இரவல் கேட்பவர்களும் உண்டு. இலேசான கொட்டையைச் சிமெண்ட் தரையில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் சுருக்கென்று சூடேறும். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்திலோ பள்ளிக்கூட வரிசையிலோ முன்னால் நிற்பவன் கையில் வைத்தால் அவன் துள்ளுவான். இந்த ஆட்டத்துக்கு விதி கிடையாது. பிறகு ஓட வேண்டும் என்பது மட்டும்தான்.

காத்தாடிக்கு வேண்டியது வேறு வகைக் கொட்டை. பெரியதாக, பருப்பு காய்ந்து சுருங்கி, காதருகே ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரவேண்டும். தேய்ந்துபோன குடைக்கம்பியையோ சைக்கிள் கம்பியையோ அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, இரண்டு முனையிலும் நேருக்கு நேராக ஓட்டை போடுவார்கள். பக்கவாட்டில் இன்னொன்று. கம்பியை உள்ளே விட்டுக் குத்திக் குடைந்து, பருப்பைத் தூளாக்கிக் கொட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அவசரப்பட்டால் ஓடு கீறிவிடும். சுத்தமானதும் ஈர்க்கைவிடச் சற்றுத் தடித்த மூங்கில் குச்சியை மேலிருந்து கீழாக ஓட்டைகளில் நுழைத்து, நூலின் ஒரு முனையைக் குச்சியில் கட்டி, மறு முனையைப் பக்க ஓட்டை வழியாக வெளியே இழுக்க வேண்டும். குச்சியின் தலையில் சீவிய மூங்கில் தகடோ ஐஸ்கிரீம் குச்சியோ இறக்கையாக உட்காரும். குச்சியைத் திருகினால் நூல் கொட்டைக்குள் சுற்றிக்கொள்ளும். வெளியே நிற்கும் முனையைச் சுண்டி இழுத்தால் இறக்கை விர்ரென்று சுற்றும். இழுத்த கையைச் சரியான நேரத்தில் தளர்த்தினால், சுற்றும் வேகத்திலேயே நூல் மறுபடி உள்ளே சுருண்டுகொள்ளும். மறுபடி இழுக்கலாம். தளர்த்தும் அந்த நொடிதான் வித்தை. பெரியவர்கள் சொல்லிக் கொடுத்து வராது, கையே கற்றுக்கொள்ள வேண்டும். பேட்டரி இல்லை, சாவி இல்லை, ஆனாலும் உண்மையான இயந்திரம்.

அந்தக் கொட்டைக்கு ஒரு பெரிய சரித்திரமும் உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 கொட்டைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தது கொஞ்சம்தான். அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. மலாயாவின் பால்மரக் காடுகள் பெரும்பாலும் அந்தச் சின்னக் கூட்டத்தின் வழி வந்தவை. சாம்ராஜ்யமே காத்திருந்த 70,000 கொட்டையை ஒரு தோட்டத்துப் பையன்கள் ஒரே பருவத்தில் சண்டைவிட்டே உடைத்திருப்பார்கள். பருப்பை மட்டும் வாயில் வைக்காதே என்று வீட்டில் அதட்டுவார்கள். அந்த அதட்டல் நியாயமானது, பச்சைப் பருப்பில் சயனைடை வெளியிடும் நச்சு இருக்கிறது.

அடுத்தது பந்து. பால் வெட்டிய பிறகு மரத்தின் கோட்டில் மிச்சமாகக் கசிந்து காய்ந்து நிற்கும் மெல்லிய நாடாவுக்கு ஒட்டுப்பால் என்று பெயர். அடுத்த வெட்டுக்கு முன்னால் அதை உரித்து எடுப்பது வெட்டுக்காரரின் வேலை. அதையும் நிறுத்துத்தான் காசு. அந்த நாடாவை இழுத்து இழுத்து, ஒரு காகித உருண்டை மேலோ சின்னக் கல் மேலோ நூல்கண்டு சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே போனால் கைக்கடக்கமான பந்து கிடைக்கும். அது எழும்பும் உயரத்துக்குக் கடைப் பந்து ஈடாகாது. நாற்றத்திலும் ஈடு கிடையாது. வீட்டுக்குள் கொண்டுவந்தால் அம்மா வெளியே எறிவார். எறிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பந்தில் சுற்றியிருப்பது நிறுவைக்குப் போக வேண்டிய பால். பந்து பெருத்தால் கூலி சிறுக்கும்.

ரப்பரை மனிதர்கள் முதன்முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று தேடினாலும் பந்தில்தான் போய் முட்டவேண்டியிருக்கிறது. மெக்சிகோவின் எல் மனத்தி என்ற இடத்தில் தோண்டி எடுத்த ரப்பர் பந்துகள் 3,500 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. அது வேறு வகை மரத்தின் பால். அதோடு ஒரு கொடியின் சாற்றைக் கலந்து இறுக்கியிருக்கிறார்கள். டயர், கையுறை, கால் செருப்பு எல்லாம் பிறகு வந்தவை.

டயர் என்றதும் டன்லப்பைச் சொல்லாமல் நகர முடியாது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான பாதையில் அதிராமல் ஓடவேண்டும் என்பதற்காகக் காற்றடைத்த குழாயைச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். 1888இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பிள்ளையின் விளையாட்டு வண்டிக்குச் செய்த வேலை உலகத்தின் ரப்பர் பசியைக் கிளப்பிவிட்டது. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் பிற்காலத்தில் நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரத்தில் தோட்டங்கள் வைத்திருந்தது. அங்கே பால் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு மூன்று சக்கர சைக்கிள் எட்டாத பொருள். தேய்ந்து கழித்த டயர் எட்டியது. ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே செம்மண் சாலையில் டயர் ஓட்டிப் போகிறவன் வழியெல்லாம் வாயாலேயே ஹாரன் அடிப்பான், கியர் மாற்றுவான். டயர் கிழிந்த பிறகும் வேலை முடியாது. உள் டியூபை நறுக்கி, கொய்யாக் கிளைக் கவட்டையில் கட்டினால் லாஸ்டிக் தயார்.

பெண் பிள்ளைகள் பக்கம் போனால் ரப்பர் பேண்ட். இரண்டிரண்டாகக் கோத்து நீளக் கயிறாக்கி, இருவர் பிடிக்க மற்றவர்கள் தாண்டும் 'சீரோ பாயிண்ட்' ஆட்டம். கயிறு கணுக்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, தோள், தலை என்று ஏறி, பிடித்தவர் கையைத் தூக்கி நிற்கும் உயரத்துக்குப் போய்விடும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரணம் அடித்துக் காலால் கயிற்றைப் பிடித்து இறக்குகிறவள்தான் அன்றைய ராணி. பேண்டுகள் கடைச் சாமான் கட்டி வந்தவை. கீரைக்கட்டில் ஒன்று, நாசி லெமாக் பொட்டலத்தில் ஒன்று என்று சேரும். 1980கள் வரை உலகில் அதிகமாக இயற்கை ரப்பர் உற்பத்தி செய்த நாடு மலேசியாதான். தோட்டத்தை விட்டு வாளியில் கிளம்பிய பால், எங்கோ தொழிற்சாலையில் போய்ப் பொட்டலம் கட்டும் வளையமாகி, அதே லயத்துக்குத் திரும்பியது. அதைப் பத்திரமாகச் சேர்த்தவை வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் கைகள்.

மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், வெட்டு இருக்காது. நாள் கூலிக் காலத்தில் வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளமும் சந்தேகம்தான். பெரியவர்கள் முகம் இறுகிக் கிடக்கும் அந்த நாள்களில் பிள்ளைகள் திண்ணையில் அஞ்சாங்கல்லும் பல்லாங்குழியும் ஆடினார்கள். அஞ்சாங்கல்லை மலாய்க்காரர்கள் பத்து செரம்பான் என்பார்கள். மாநிலத் தலைநகரின் பெயரையே தாங்கிய ஆட்டம். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை ஒன்றொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக அள்ள வேண்டும். கடைசியில் ஐந்தையும் புறங்கையில் ஏந்தி, மறுபடி எறிந்து உள்ளங்கையில் பிடித்தால் அத்தனையும் மதிப்பெண். இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டே ஒரு கையால் ஆடி ஜெயித்த அக்காமார்கள் எல்லா லயத்திலும் இருந்தார்கள். அம்மா காட்டிலிருந்து திரும்பும்வரை தம்பியை இறக்கிவிட முடியாதே.

பல்லாங்குழிக்குத் தனிப் பலகை தேவையில்லை. மண்ணில் குழி தோண்டினால் போதும். காய்களுக்குப் புளியங்கொட்டை, சிவப்புச் சாகா விதை, இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது கித்தாக்கொட்டை. மலாய் வீடுகளின் சோங்காக் பலகையில் இரு கோடியிலும் வீடு என்று ஒரு பெரிய குழி கூடுதலாக இருக்கும். மற்றபடி அண்ணன் தம்பி ஆட்டங்கள். 1989இல் பேங்க் நெகாரா வெளியிட்ட நாணய வரிசையைப் பார்த்தால் சிரிப்பு வரும். 5 காசில் பம்பரம், 10 காசில் சோங்காக், 50 காசில் வாவ் பட்டம். தோட்டத்துப் பிள்ளைகள் காசில்லாமல் விளையாடிய ஆட்டங்கள் காசின் மேலேயே ஏறிவிட்டன. 2012இல் புழக்கத்துக்கு வந்த புதிய வரிசையில் அந்தப் படங்கள் இல்லை.

கடைச் சாமான் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தீபாவளிக்குச் சுருள் கேப் வைத்துச் சுடும் தகரத் துப்பாக்கி வரும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பந்தல் கடைகள் முளைக்கும். ஊதுகுழல், பலூன், ரப்பர் கட்டிய பிளாஸ்டிக் கைக்கடிகாரம். சம்பளத்துக்கு அடுத்த நாள் டவுனில் கூடும் இரவுச் சந்தையான பசார் மாலாமுக்குப் போனால் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கார் கிடைக்கலாம். சின்னக் குழாயிலிருந்து பசைபோல் பிதுக்கி, குச்சி முனையில் உருட்டி ஊதும் பிளாஸ்டிக் பலூனை மறந்தவர்கள் இருக்க முடியாது. அந்த மருந்து வாசம் மூக்கை விட்டுப் போகவே போகாது. 1970களின் தொடக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் குண்டுகளைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் மோதவிடும் கிளாக்கர் உலகெங்கும் பரவியது. 80களில் பள்ளிக்கூடத்து மேசைமேல் நாட்டுக் கொடி அச்சிட்ட அழிப்பான்கள் சண்டை போட்டன. கட்டைவிரலால் சுண்டி, எதிராளியின் கொடிமேல் தன் கொடி ஏறிவிட்டால் அந்த நாடு கைக்கு வந்துவிடும். பூகோளப் பாடத்தில் தூங்கியவனுக்கும் பல தேசத்துக் கொடி மனப்பாடம்.

சினிமாவும் விளையாட்டுச் சாமான் செய்தது. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டும் இரவுக்கு மறுநாள் காலையில் லயத்தில் மூங்கில் கழியெல்லாம் வாளாகிவிடும், பிஸ்கட் டின் மூடி கேடயமாகிவிடும். எம்.ஜி.ஆர். ஆவதற்கு அடிதடி. நம்பியார் ஆக ஆள் கிடைக்காமல், வயதில் சின்னவனைப் பிடித்து நிறுத்துவார்கள். செம்பருத்தி இலையைக் கசக்கிச் சோப்புத் தண்ணீரில் கலந்து, பப்பாளித் தண்டால் ஊதினால் முட்டை முட்டையாகக் குமிழி. கழிந்த பாக்கு மட்டையில் ஒருத்தியை உட்காரவைத்து இருவர் இழுத்துக்கொண்டு ஓடினால் அது ரயில், அது கப்பல், அன்றைக்கு எது தோன்றுகிறதோ அது.

இதையெல்லாம் கேட்கிற இளைய தலைமுறை, அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கற்பனை என்று வியப்பது வழக்கம். கற்பனை இருந்தது உண்மைதான். பணம் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. ஒட்டுப்பால் உரித்த விரல்களில் பாதி, விளையாட்டுக்காக உரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் அம்மாவுக்குக் கூடமாட உதவப் போன பிள்ளைகள் அவர்கள். நாற்றுப் பண்ணைக்கு விதை தேவைப்படும் பருவத்தில் கொட்டை பொறுக்குவதும் காசுக்கான வேலையாகிவிடும். வேலை எங்கே முடிந்தது, விளையாட்டு எங்கே தொடங்கியது என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஏக்கத்தோடு பேசும்போது அந்த வேலைப் பாதி நழுவிப்போகிறது. அதையும் சேர்த்து வைத்துப் பேசுவதுதான் அந்த விளையாட்டுகளுக்குச் செய்யும் நேர்மை.

பழைய விளையாட்டுச் சாமான்களின் மேல் இருக்கும் ஏக்கம் இன்று உலகமெங்கும் நல்ல வியாபாரம். ஜப்பானின் நிண்டெண்டோ 1980இல் கொண்டுவந்த கேம் அண்ட் வாட்ச் கருவியை 2020இல் புது வடிவில் மறுபடி விற்றது. 1996இல் வந்த தமாகோச்சியை 2017இல் பண்டாய் திரும்பக் கொண்டுவந்தது. கிளாக்கர்கூடத் திரும்பிவிட்டது. 2022 கடைசியில் இந்தோனேசியாவில் லாத்தோ லாத்தோ என்ற பெயரில் கிளம்பி, சில மாதங்களில் மலேசியப் பள்ளிக்கூட வாசல்வரை வந்து டக்டக்கென்று அடித்தது. முதலாளி இருக்கிற பொருளுக்கு மறுபிறவி எளிது. ஒட்டுப்பால் பந்துக்கு முதலாளி யார்? அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் மரத்தைக் கொண்டுவர வேண்டும்.

மரம்தான் முதலில் போனது. 1970களிலும் 80களிலும் தோட்டம் தோட்டமாகப் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். விலையும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து எடுத்த முடிவு அது. செம்பனை பிள்ளைகளுக்கு அவ்வளவு தாராளமில்லை. மட்டையில் முள், குலையில் முள், கையில் எடுத்தால் எண்ணெய். அதற்குப் பின்னால் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. செரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் போன்ற புது நகரங்கள் நிற்பது பழைய தோட்ட நிலத்தில். 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு நீலாய், லாபு பக்கம் நிலத்தின் மதிப்பே வேறாகிவிட்டது. லயங்களைக் காலி செய்தவர்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். தமிழ்ப்பள்ளிகள் சில இன்னமும் தோட்டத்தைக் குறிக்கும் லாடாங் என்ற சொல்லைப் பெயரில் சுமந்துகொண்டிருக்கின்றன, அந்த லாடாங்கில் வெட்டு நின்று வெகு காலமாகியும்.

இத்தனைக்கும் பால்மரம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. இன்று மலேசியாவின் ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறு தோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. கோலா பிலா, ஜெலுபு, ஜெம்போல் பக்கம் கம்பத்துச் சாலைகளில் போனால் இரண்டு பக்கமும் கோடு போட்ட மரங்களைப் பார்க்கலாம். பேரப்பிள்ளைக்குக் காத்தாடி செய்து காட்ட ஆசைப்படுகிறவர்கள் காய் வெடிக்கும் பருவத்தில், நல்ல வெயில் நாளாகப் பார்த்து அந்தப் பக்கம் காரைத் திருப்ப வேண்டும். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை. புதிதாக விழுந்து பளபளக்கும் கொட்டை வேண்டாம், அதில் பருப்பு இறுகியிருக்கும், குடைய வராது. முன்னமே விழுந்து காய்ந்து, ஓடு மங்கி, ஆட்டினால் சத்தம் போடுகிற கொட்டையாகப் பொறுக்கவேண்டும். ஒன்று போதாது. முதல் இரண்டு மூன்று ஓட்டை போடும்போதே கீறிப்போகும்.